பயோ-மேத்ஸ் முடித்த அக்கா மகளுக்கு ஐசர் பிஎஸ்-எம்எஸ்: ஐந்து வருடம் கழித்து வேலை என்ன?

புதுக்கோட்டை_மாமா

வணக்கம். அக்கா மகள் இந்த வருடம் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். பயோ-மேத்ஸ், ஸ்டேட் போர்டு. நீட்டில் அரசு இடம் கிடைக்கும் அளவுக்கு மார்க் வரவில்லை. அவளுக்கு டாக்டர் ஆசை பெரிதாக இருந்ததில்லை, வீட்டில் எழுதச் சொன்னார்கள், எழுதினாள், அவ்வளவுதான். ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வான ஐஏடியில் ரேங்க் சுமாராக வந்திருக்கிறது. புனே, கொல்கத்தா எல்லாம் கஷ்டம், திருப்பதியோ பெர்ஹாம்பூரோ கிடைக்கலாம் என்று கோச்சிங்கில் சொல்கிறார்கள்.

அத்தான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர் கேட்பது ஒரே கேள்வி: "அஞ்சு வருஷம் படிச்சுட்டு வெளிய வந்தா என்ன வேலைன்னு ஒரு வார்த்தையில சொல்லு." என்னால் சொல்ல முடியவில்லை. பி.இ. படித்தால் இன்ஜினியர், நர்சிங் படித்தால் நர்ஸ். ஐசரின் பிஎஸ்-எம்எஸ் (இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட அறிவியல் பட்டம்) படித்தால்?

கையில் இருக்கும் மற்ற வழிகள்: பக்கத்து ஊர் சுயநிதிக் கல்லூரியில் பி.டெக் பயோடெக், கோவைப் பக்கம் ஐந்து வருட எம்.எஸ்சி டேட்டா சயின்ஸ், இல்லையென்றால் இன்னொரு முறை நீட். பெண்ணுக்கு உயிரியலும் பிடிக்கும், கணக்கும் பிடிக்கும், இரண்டில் எதையும் விட மனசில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடுகு

ஒரு வார்த்தையில் பதில்: பிஎச்.டி. அதற்கு மனசு இருந்தால் ஐசர், இல்லையென்றால் வேறு பாருங்கள். இழையை மூடலாம்.

ஐந்தாவது_ஆண்டு

கடுகு அண்ணா சொல்வது பாதி சரி. நான் இப்போது ஒரு ஐசரில் கடைசி வருடம், நானும் ஸ்டேட் போர்டுதான். எங்கள் சீனியர்களில் நிறைய பேர் பிஎச்.டிக்குத்தான் போகிறார்கள், அது உண்மை. ஆனால் போகாதவர்களும் இருக்கிறார்கள். அனலிட்டிக்ஸ் கம்பெனி, பேங்க் ரிஸ்க் டீம், பேட்டன்ட் நிறுவனம், ஒலிம்பியாட் கோச்சிங், யுபிஎஸ்சி என்று பல பக்கமும் போயிருக்கிறார்கள்.

படிப்பு எப்படி என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கவுன்சலிங் வரைக்கும் வந்தவர்களுக்கே இது சரியாகத் தெரிவதில்லை. எங்கள் ஐசரில் முதல் இரண்டு வருடம் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் எல்லோருக்கும் கட்டாயம், நான்குக்கும் லேப் அல்லது டுடோரியல் உண்டு, கூடவே கொஞ்சம் கம்ப்யூட்டிங். மூன்றாம் வருடம் மேஜர் (முதன்மைப் பாடம்) எடுக்க வேண்டும், ஐந்தாம் வருடம் பெரும்பாலும் தீஸிஸ் (சொந்த ஆராய்ச்சி). ஆக உங்கள் அக்கா மகள் பதினேழு வயதில் எடுக்க வேண்டிய முடிவைப் பத்தொன்பது வயதில் எடுக்கலாம், அதுவும் கல்லூரி அளவில் எல்லாப் பாடத்தையும் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு. பயாலஜி என்று வந்து மேத்ஸ் மேஜர் எடுத்தவர்கள் எங்கள் பேட்ச்சில் உண்டு. பிசிக்ஸ் வெறியோடு வந்து குவாண்டம் ஒரு செமஸ்டர் பார்த்துவிட்டுக் கெமிஸ்ட்ரி பக்கம் ஒதுங்கியவர்களும் உண்டு.

இரண்டாம் வருடம் வரை சிரமம்தான், மறைக்கவில்லை. ஸ்டேட் போர்டிலிருந்து வருபவர்களுக்கு மேத்ஸில் முதல் செமஸ்டர் அடி விழும். பிளஸ் டூவில் லிமிட் கணக்கு போடுவோம். இங்கே அந்த லிமிட் ஏன் இருக்கிறது என்று நிரூபிக்கச் சொல்வார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்தவனும் முதல் குவிஸில் விழிப்பான்.

தரமணி_தவளை

நான் சென்னையில் ஜீனோமிக்ஸ் டேட்டா வேலையில் இருக்கிறேன், ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் உட்காருவதும் உண்டு. அத்தான் கேட்ட கேள்விக்கு என் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்கும் ஒரு கேள்வி இது. ஒருவருடைய டிஎன்ஏவை இயந்திரம் படித்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தை 40 முறை படித்ததில் 37 முறை ஏ என்றும் 3 முறை ஜி என்றும் வந்திருக்கிறது. இது நிஜமான மரபணு மாற்றமா, இயந்திரத்தின் பிழையா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் வருவான், "பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தூக்கிவிடலாம்" என்று ஒரு வரி கோட் எழுதுவான். ஏன் பத்து என்று கேட்டால் பதில் இருக்காது. பயோடெக் படித்த பெண் வருவாள், "அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்த மாற்றம் என்றால் பாதிக்குப் பாதி, இருபது பக்கம் வர வேண்டும், மூன்று வந்தால் சந்தேகம்" என்று அழகாகச் சொல்வாள். சரி, எவ்வளவு சந்தேகம், எண்ணாகச் சொல் என்றால் நின்றுவிடுவாள்.

நாங்கள் எடுத்த ஆள் பி.எஸ்சி பிசிக்ஸ், பிறகு எம்.எஸ்சி பயோபிசிக்ஸ். அவர் முதலில் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: "சார், இது ரத்தமா, புற்றுநோய்க் கட்டியா?" கட்டி என்றால் அதில் சில செல்களில் மட்டும் மாற்றம் இருக்கலாம், அப்போது மூன்று என்பது குப்பை அல்ல. அப்புறம் பேப்பரை எடுத்து, இயந்திரம் ஆயிரத்தில் ஒரு எழுத்தைத் தவறாகப் படிக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரே இடத்தில் மூன்று தவறு விழுவது அபூர்வம், ஆனால் மனித ஜீனோமில் 300 கோடி இடம் இருக்கிறது, ஆகவே ஆயிரக்கணக்கான இடத்தில் இது சும்மாவே நடக்கும், எனவே இந்த ஒரு இடத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லக்கூடாது என்று போட்டுக் காட்டினார். பேரங்கூடப் பேசவில்லை, அவர் கேட்ட சம்பளம் கொடுத்தோம்.

இதில் கவனிக்க வேண்டியது, அவருக்கு நான்கு துறையும் தெரியாது. இரண்டு தெரியும், ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தெரியும். ஐந்து வருடம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு, எதிலும் ஒரு கணக்கை முடிக்கத் தெரியாமல் வருபவர்களையும் பார்த்திருக்கிறேன், பெரிய பெரிய நிறுவனத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய ரெஸ்யூமேயில் கிரிஸ்பர், மெஷின் லேர்னிங், நானோ எல்லாம் இருக்கும். எதைப் பற்றிக் கேட்டாலும் "அது ஒரு கோர்ஸ் வொர்க் சார்" என்பார்கள்.

ஆக அத்தானிடம் இப்படிச் சொல்லுங்கள்: உயிரியல் தெரிந்து புள்ளியியலும் கோடிங்கும் கைவந்தால் மருந்து நிறுவனம், நோயறியும் பரிசோதனை நிறுவனம், கிளினிக்கல் டிரயல் டேட்டா, விவசாய விதை ஆராய்ச்சி என்று வேலை இருக்கிறது. பெங்களூர், ஹைதராபாத்தில் அதிகம், சென்னையில் குறைவு. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் உயிரியல்காரர்களுக்குக் கஷ்டம், கோடிங்காரர்களுக்கு வேறு பிழைப்பு இருக்கிறது.

புதுக்கோட்டை_மாமா

தரமணி நண்பருக்கு நன்றி. அந்த 37-க்கு 3 கேள்வியை அக்கா மகளிடம் படித்துக் காட்டினேன், பேப்பர் எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் சாப்பாட்டுக்குத்தான் வந்தாள். அத்தான் "இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்குறாங்க" என்றார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, அதே உயிரியலும் கோடிங்கும் பி.டெக் பயோடெக்கில் கிடைக்காதா, நான்கே வருடம், வீட்டிலிருந்து போய்வரலாம். இரண்டு, நாளைக்கே அரசு வேலைக்கு எழுத வேண்டும் என்றால் இந்த பிஎஸ்-எம்எஸ் செல்லுமா? அக்காவுக்கு அதுதான் பயம்.

மலைக்கோட்டை_மழை

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், நான் பி.டெக் பயோடெக், சுயநிதிக் கல்லூரி, பெயர் வேண்டாம். பாடத்திட்டம் தாளில் பிரமாதமாக இருக்கும். பயோபிராசஸ், பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், ஜெனடிக் இன்ஜினியரிங் எல்லாம் உண்டு. லேபில் டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் மெஷின் ஒன்று இருந்தது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் திறப்பார்கள். எங்கள் பேட்ச்சில் முக்கால்வாசிப் பேர் ஐடி சர்வீஸ் கம்பெனி, மீதிப் பேர் மெடிக்கல் கோடிங். நானும் மெடிக்கல் கோடிங்தான்.

கடுகு

மெடிக்கல் கோடிங்கில் "கோடிங்" என்று இருப்பதால் பயோவும் கம்ப்யூட்டரும் சேர்ந்த துறை என்று நினைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

மலைக்கோட்டை_மழை

கிண்டல் வேண்டாம் கடுகு. அமெரிக்க ஆஸ்பத்திரியின் டாக்டர் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் இன்ஷூரன்ஸ் எண் போடும் வேலை அது, சாப்ட்வேர் எழுதுவது அல்ல. ஆனால் உடற்கூறு தெரியாமல் செய்ய முடியாது. ஆரம்பத்தில் இருபதாயிரத்துக்குக் கீழ்தான் சம்பளம், சிபிசி சான்றிதழ் தேர்வு முடித்தபின் நன்றாக ஏறியது, வீட்டுக் கடன் கட்டுகிறேன், தங்கையைப் படிக்க வைத்தேன். திருச்சி, சென்னை, கோவையில் லைஃப் சயின்ஸ் படித்த பிள்ளைகளுக்குச் சோறு போடும் வேலைகளில் இது ஒன்று, அதைக் கேவலமாகப் பேச ஒன்றுமில்லை. என் வருத்தம் வேறு. இந்த வேலைக்குப் பி.டெக் தேவையில்லை, பி.எஸ்சி விலங்கியல் படித்த என் பெஞ்ச்மேட்டும் நானும் ஒரே சம்பளம். நான்கு வருடக் கல்லூரிக் கட்டணத்தை அப்பா சும்மா கட்டியிருக்கிறார்.

பி.டெக் பயோடெக்கே தப்பு என்று சொல்லவில்லை. லேப் இருக்கிற, ஆராய்ச்சி நடக்கிற நல்ல கல்லூரியில் என்றால் சேருங்கள், கேட் (எம்.டெக் நுழைவுத் தேர்வு) பயோடெக்னாலஜி தாள் எழுதி ஐஐடி எம்.டெக் போனவர்களைத் தெரியும். "வீட்டுப் பக்கத்தில்" என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் எடுக்காதீர்கள்.

செந்தூரப்பூ

அரசு வேலை பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நான் அரசு கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவி இந்த விஷயத்தில் அழுதுகொண்டு வந்து நிற்பாள்.

முதலில் நல்ல செய்தி. யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ், டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 பொதுப் பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். ஐசர்கள் நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் வரும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள், பட்டம் செல்லுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

சிக்கல் வருவது குறிப்பிட்ட பாடம் கேட்கும் பதவிகளில். அறிவிக்கையில் "விலங்கியலில் பட்டம்" என்று இருக்கும். உங்கள் சான்றிதழில் வேறு பெயர் இருக்கும். அப்போது இரண்டும் சமம் என்று உயர்கல்வித் துறை வெளியிட்ட அரசாணையைக் காட்ட வேண்டும். அதுவும் தேர்வு அறிவிக்கை வந்த தேதிக்கு முன்பே வெளியான அரசாணையாக இருக்க வேண்டும், பிறகு வாங்கி வந்தால் டிஎன்பிஎஸ்சி ஏற்காது. நம்மூர்க் கல்லூரிகளில் கவர்ச்சிக்காகப் பெயர் மாற்றிய பட்டங்கள் எத்தனை! தாவர உயிரியலும் தாவர உயிர்த்தொழில்நுட்பமும், மேம்பட்ட விலங்கியலும் உயிர்த்தொழில்நுட்பமும் என்று நீளமாக இருக்கும். பாடம் அதே பழைய தாவரவியல், விலங்கியல்தான், பெயர் மட்டும் புதுசு, பிள்ளைகள்தான் அரசாணை எண்ணைத் தேடி அலைய வேண்டும்.

பள்ளி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் இன்னும் கவனம் தேவை. முதுகலைப் பட்டதாரி ஆசிரியர் தேர்வு பள்ளிப் பாடங்களை ஒட்டித்தான் நடக்கும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலையில் பயோடெக் என்று தனிப் பாடமே இல்லை, அப்புறம் பயோடெக் ஆசிரியர் பணியிடம் எங்கிருந்து வரும்? கூடவே பி.எட். வேண்டும்.

இந்திய வனப் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு விலங்கு பிடிக்கும் என்று சொல்லும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது பட்டப் பாடமாக இருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். பி.எஸ்சி பயோடெக் பட்டியலில் இல்லை. பி.டெக் பயோடெக் பொறியியல் கணக்கில் தப்பித்துவிடும். பிஎஸ்-எம்எஸ் படிப்பவர்கள் மேஜர் என்ன, பட்டச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் பாடப் பெயர் எப்படி அச்சாகிறது என்பதைச் சேருவதற்கு முன்பே சீனியர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு கேட்கும் பதவிக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பெண் இதுவரை தமிழ் வழி என்றால், ஆங்கிலத்தில் நடக்கும் எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் அந்தச் சலுகை போய்விடும். அதற்காக ஐசரை விடு என்று நான் சொல்ல மாட்டேன். குரூப் 2தான் லட்சியம் என்றால் ஐந்து வருடம் குவாண்டம் படிக்க வேண்டாமே, ஊரிலேயே பி.எஸ்சி சேர்ந்து முதல் வருடத்திலிருந்து தேர்வுக்குத் தயாராகலாம்.

ஆல்ப்ஸ்_அடிவாரம்

பேராசிரியை சொன்னதை அச்செடுத்து ஒவ்வொரு பிளஸ் டூ வகுப்பிலும் ஒட்ட வேண்டும்.

நான் ஜெர்மனியில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டிக்குப் பிறகு செய்யும் தற்காலிக ஆராய்ச்சி வேலை. பிசிக்ஸில் ஆரம்பித்து இப்போது செல்லுக்குள் புரதம் நகர்வதை அளக்கிறேன், ஆகவே கலப்புப் படிப்புக்கு நான் எதிரி அல்ல. ஆனால் இந்த இழையில் யாராவது சீக்கிரம் வெங்கி ராமகிருஷ்ணனை இழுப்பார்கள், அதற்கு முன்னால் நானே இழுத்துவிடுகிறேன். சிதம்பரத்தில் பிறந்தவர், 2009-இல் வேதியியல் நோபல், வேலை செய்தது உயிரியலில், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றி. கேட்டவுடன் பலதுறைப் படிப்பின் விளம்பரம் போல இருக்கிறது. ஆனால் அவர் பரோடாவில் படித்தது சுத்தமான பி.எஸ்சி பிசிக்ஸ், 1976-இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் வாங்கிய பிஎச்.டியும் பிசிக்ஸ். அதற்குப் பிறகு கலிபோர்னியா போய் மாணவராக மறுபடி உட்கார்ந்து உயிரியல் படித்தார்.

அவருக்கு முன்னால் நம் ஜி.என். ராமச்சந்திரன். திருச்சி செயின்ட் ஜோசப்ஸில் பிசிக்ஸ் ஹானர்ஸ். 1952-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பிசிக்ஸ் துறைத் தலைவராக வந்தார். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னார். சாம்பிள் எதில் தெரியுமா, பக்கத்திலிருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வாங்கிய சுறாத் துடுப்பு, அப்புறம் கங்காரு வால் தசைநாண். 1963-இல் வெளியான அவருடைய ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் ஒரு புரத அமைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்க்கிறோம். உருவாக்கியவர்களுக்கு 2024 வேதியியல் நோபலில் பங்கு வாங்கித் தந்த ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ மென்பொருள் கணித்துச் சொல்லும் புரத அமைப்பையும் அதில் போட்டுப் பார்க்கலாம். அவரும் எக்ஸ்ரே இயற்பியலில் கை நன்றாகப் பழகிய பிறகுதான் உயிரியல் பக்கம் வந்தார்.

ஆகவே ஐசருக்குப் போகட்டும், முதல் இரண்டு வருடம் நன்றாக மேயட்டும். மூன்றாம் வருடம் வந்ததும் கடினமான பக்கத்தை மேஜராக எடுக்கச் சொல்லுங்கள். கணிதமும் இயற்பியலும் தெரிந்தவர் முப்பது வயதில் உயிரியல் படித்துக்கொள்வதை நிறையப் பார்க்கிறேன், உயிரியல் மட்டும் தெரிந்தவர் முப்பது வயதில் லீனியர் அல்ஜீப்ரா படிப்பதை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

பிஎச்.டி பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அத்தான் கேட்பார். இந்தியாவில் நெட் தேர்வு மூலம் கிடைக்கும் ஜேஆர்எஃப் ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, சீனியரானால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் கிடைத்தால் 70,000-த்தில் ஆரம்பிக்கும், போட்டி கடுமை. ஜெர்மனியில் பிஎச்.டி பெரும்பாலும் வேலை ஒப்பந்தம், சம்பளம் வரும், ஆனால் மாஸ்டர்ஸ் கேட்பார்கள், பிஎஸ்-எம்எஸ் அங்கே கைகொடுக்கும், மூன்று வருட பி.எஸ்சி போதாது. அமெரிக்காவில் 2025-இல் ஆராய்ச்சி நிதியில் கைவைத்ததால் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி சேர்க்கையைக் குறைத்தன, அந்த ஒரு கதவை மட்டும் நம்ப வேண்டாம். வயதுக் கணக்கையும் போடுங்கள்: பிஎஸ்-எம்எஸ் முடிய 22 அல்லது 23, பிஎச்.டி முடிய 28, அப்புறம் போஸ்ட்டாக். முப்பத்திரண்டு வயதுக்கு முன் நிரந்தர வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தரமணி_தவளை

ஆல்ப்ஸ் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு. அந்தக் காலத்தில் இந்த மாதிரி கலப்புப் படிப்பு அரிது, அதனால் அவர்கள் நேர்ப் படிப்பு படித்துவிட்டுத் தாவினார்கள். அதை வைத்து நேர்ப் படிப்புதான் நல்லது என்று சொல்ல முடியாது. தாவ முடியாமல் நின்றவர்களை யார் எண்ணினார்கள்? பயாலஜி மேஜர் எடுத்துவிட்டு, புள்ளியியலில் நான்கைந்து கோர்ஸ் ஒழுங்காகச் செய்தாலும் போதும். கடினமான மேஜர் எடுத்து ஏழு சிஜிபிஏவுக்குக் கீழே தவழ்வதைவிட அது மேல்.

ஆல்ப்ஸ்_அடிவாரம்

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கைந்து கோர்ஸ் "ஒழுங்காக". அதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள்.

ஜன்னலோரம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகன் பியூர் சயின்ஸ் குரூப், மேத்ஸ் கிடையாது, அடுத்த வருடம் பிளஸ் டூ. அவனும் ஐஏடி எழுதலாமா? அரசுப் பள்ளி.

ஐந்தாவது_ஆண்டு

எழுதலாம் அக்கா. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கில் மூன்று படித்திருந்தால் தகுதி உண்டு, பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 55. ஆனால் தேர்வில் 60 கேள்வி, பாடத்துக்கு 15, அதில் மேத்ஸ் 15 இருக்கும். சரியான பதிலுக்கு 4 மார்க், தவறுக்கு 1 குறையும். மேத்ஸை அப்படியே விட்டுவிட்டு மற்ற மூன்றில் எடுத்து உள்ளே வந்தவர்கள் உண்டு. சிக்கல் உள்ளே வந்த பிறகுதான், எங்கள் ஐசரில் மேத்ஸ் இரண்டு வருடம் கட்டாயம், தப்பிக்க வழியில்லை. இப்போதே பதினொன்றாம் வகுப்பு மேத்ஸ் புத்தகம் வாங்கி டிரிக்னாமெட்ரி, வெக்டர், டிஃபரன்சியேஷன் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஸ்டேட் போர்டின் புதிய மேத்ஸ் புத்தகம் நல்ல புத்தகம்.

அதே ஐஏடி மார்க்கை வைத்துப் பெங்களூர் ஐஐஎஸ்சியின் நான்கு வருட பி.எஸ். படிப்புக்கும், ஐஐடி மெட்ராஸில் 2023-இல் தொடங்கிய மருத்துவ அறிவியலும் பொறியியலும் பி.எஸ். படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம், இடம் குறைவு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தகுதி விதியும் தனி, மேத்ஸ் இல்லாதவர்கள் அதை முதலில் பார்க்க வேண்டும். புவனேஸ்வரில் இருக்கும் நைசர் என்ற அறிவியல் நிறுவனத்துக்கு நெஸ்ட் என்று வேறு தேர்வு. ஐஏடி எழுதுகிறவர்கள் அதையும் எழுதிவிடுவது நல்லது, படிப்பது ஒன்றுதான்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் இந்த மாதிரி தேசிய நிறுவனங்களில் சேர்பவர்களின் படிப்புச் செலவைத் தமிழக அரசு ஏற்கும் திட்டம் 2022-இல் அறிவித்தார்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். மற்றவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை, வருடம் 80,000, அதில் 20,000 கோடைக்கால ஆராய்ச்சிக்கு. போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எந்த உதவித்தொகையாக இருந்தாலும் முதல் வருடக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சேர வேண்டும், பணம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடுகு

ஒரு உருப்படியான யோசனை சொல்கிறேன், ஆச்சரியப்படாதீர்கள். கேம்பஸ் பிளேஸ்மென்ட் என்று ஐசர் தளத்தில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். போன வருடம் பாஸ் ஆனவர்களை லிங்க்ட்இன்னில் தேடுங்கள். முப்பது பேர் பெயரை எடுத்து இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள், பி.டெக் பயோடெக் கல்லூரிக்கும், டேட்டா சயின்ஸ் கல்லூரிக்கும் அதையே செய்யுங்கள். ஒரு சாயங்கால வேலை. இங்கே நாங்கள் கத்துவதைவிட அத்தானுக்கு அது புரியும், வியாபாரி அல்லவா.

புதுக்கோட்டை_மாமா

கடுகு சொன்னபடி நானும் அவளும் உட்கார்ந்து பார்த்தோம். ஐசர் பட்டியலில் பாதிக்கு மேல் பிஎச்.டி, அதில் ஐரோப்பா நிறைய. மீதியில் டேட்டா அனலிஸ்ட், ஒருவர் பேட்டன்ட், ஒருவர் காட்டில் பறவைக் கணக்கெடுப்பு, ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார் (அத்தானுக்கு அவரைத்தான் ரொம்பப் பிடித்தது). பக்கத்துக் கல்லூரி பயோடெக் பட்டியல் மலைக்கோட்டை சொன்ன மாதிரியே இருந்தது. கோவை டேட்டா சயின்ஸ் பட்டியலில் கிட்டத்தட்ட எல்லோரும் சம்பளத்தில் இருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. அத்தான் மனசு அங்கேதான் இருக்கிறது. அவள் தன் அப்பாவிடம் "அங்க பயாலஜி ஒரு பேப்பர்கூட இல்லப்பா" என்று மட்டும் சொன்னாள்.

நீட் ரிப்பீட் இல்லை என்று முடிவாகிவிட்டது. முதல் சுற்றில் திருப்பதி வந்தால் சேர்ப்பது, வராவிட்டால் கோவை. ஏர்ப்பேடு கேம்பஸ், ரேணிகுண்டா வரை ரயில், அக்காவுக்கு அது தைரியம். மூன்றாம் வருடம் என்ன மேஜர் என்பதை அவள் பார்த்துக்கொள்வாள், புள்ளியியல் கோர்ஸ் கட்டாயம் எடுப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

கடைசியாக ஒன்று. எங்களுக்கு பிசி சாதிச் சான்றிதழ் இருக்கிறது, தாசில்தார் கொடுத்தது. அது போதுமா?

செந்தூரப்பூ

போதாது. இதில்தான் வருடா வருடம் பிள்ளைகள் இடத்தை இழக்கிறார்கள். மத்திய நிறுவனத்துக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ் வேண்டும், பொதுவாக அந்த வருடம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். உங்கள் சாதி தமிழ்நாட்டுக்கான மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மாநில பிசி பட்டியலில் இருக்கும் எல்லாம் அதில் இல்லை. வருமான வரம்பு வருடத்துக்கு 8 லட்சம். சம்பள வருமானமும் விவசாய வருமானமும் அதில் சேராது, ஆனால் கடை வருமானம் சேரும். அத்தானுடைய மூன்று வருட ஐடி ரிட்டர்ன் எடுத்துக்கொண்டு நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போங்கள். கவுன்சலிங் நேரத்தில் சர்வர் தொங்கும், விஏஓ ஜமாபந்தியில் இருப்பார்.

புதுக்கோட்டை_மாமா

காலையிலேயே போய்விடுகிறோம் மேடம். அத்தான் ரிட்டர்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்.